டம்ளரைப் பிடித்தபடி சொன்ன சரி

என் வலது கை போனதற்கு நான்தான் காரணம். லாரி டிரைவர் மேல் வழக்கு நடந்தது, பஸ் கண்டக்டர் சாட்சி சொன்னார், சொந்தக்காரர்கள் சனிப்பெயர்ச்சியைக் குறை சொன்னார்கள். எல்லாம் வெட்டிப்பேச்சு. பஸ்ஸில் போகும்போது கையை வெளியே நீட்டாதீர்கள் என்று இருபத்திரண்டு வருடங்களாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்த கணக்கு டீச்சர் ஒருத்தி, புதுக்கோட்டையில் பத்தாம் வகுப்புப் பேப்பர் திருத்திவிட்டு அன்னவாசல் பஸ்ஸில் ஏறினாள். புழுக்கம் தாங்காமல் வலது கையை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டபடி தூங்கிப்போனாள். எதிரே இரும்புக் கம்பி ஏற்றிய லாரி வந்தது. முழங்கைக்குக் கீழே நாலு விரற்கடை மிஞ்சியது.

பார்க்க வந்தவர்கள் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, இடது கையாவது போயிருக்கலாமே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். துபாயில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் லீவு போட்டு வந்து இருபது நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். அவர் திரும்பிப் போனபிறகுதான் எனக்கு உடம்பு தேறியது. ஐந்தாவது மாதம் பள்ளிக்கூடம் போனேன். தலைமையாசிரியர் என்னை நூலகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அங்கே இரண்டு பீரோக்களும் ஒரு பூட்டும் இருந்தன, சாவி இல்லை. நான் பத்தாம் வகுப்புக்குப் போய் இடது கையால் கரும்பலகையில் எழுதத் தொடங்கினேன். முதல் மாதம் என் எட்டும் மூன்றும் ஒன்றுபோல் இருந்தன. பிள்ளைகள் ஒரு வார்த்தை பேசாமல் பழகிக்கொண்டார்கள். பெரியவர்களுக்குத்தான் எதற்கும் பேச வேண்டும்.

திருச்சி ரோட்டில் உள்ள ஒரு தனியார் என்ஜினீயரிங் கல்லூரியிலிருந்து அப்போதுதான் போன் வந்தது. அங்கே ஒரு பேராசிரியர் மாணவர்களை வைத்துக்கொண்டு குறைந்த செலவில் மின்சாரக் கை செய்திருந்தார். மாட்டிப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. படித்தவராக, சொன்னதைப் புரிந்துகொண்டு செய்பவராக இருந்தால் நல்லது என்றார்கள். புகழ்ச்சிக்கு மயங்கிப் போனேன் என்று நினைக்க வேண்டாம். தோசை வார்க்கும்போது மாவுச் சட்டியைப் பிடிக்க ஆளில்லை, அதற்காகப் போனேன்.

கையின் நிறம் மாநிறம் என்று அட்டையில் எழுதியிருந்தது. அந்த நிறத்தில் ஒரு மனுஷரை நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் பார்த்ததில்லை. மிஞ்சிய கையின் மேல் குழாய் மாதிரி அது ஏறிக்கொள்ளும். உள்ளே தோலைத் தொடுகிற இரண்டு உலோகப் பொட்டுகள். இல்லாத மணிக்கட்டை உள்பக்கம் மடக்குவதாக நினைத்துத் தசையை இறுக்கினால் விரல்கள் மூடும். வெளிப்பக்கம் மடக்குவதாக நினைத்தால் திறக்கும். மூடும்போது மிக்ஸி ஒன்று அடுத்த வீட்டில் ஓடுவதுபோல் சத்தம் வரும்.

அதைக் கொடுப்பதற்கு ஒரு விழா வைத்தார்கள். வந்திருந்த சிறப்பு விருந்தினர் என்னைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. புதுக் கையில் ஒரு பூச்செண்டைக் கொடுத்திருந்தார்கள், போட்டோவுக்காக. தன்னம்பிக்கை, விடாமுயற்சி என்று அவர் என்னவெல்லாமோ சொன்னதாகப் பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. செண்டு நழுவுகிறதா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய பேச்சு அப்படிப்பட்டது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கையில் தொடு உணர்வு கிடையாது. டம்ளரைப் பிடித்துவிட்டோமா, இன்னும் இறுக்க வேண்டுமா, நழுவுகிறதா என்று எல்லாவற்றையும் கண்தான் சொல்ல வேண்டும். எவர்சில்வர் டம்ளர் வழுக்கும். பேப்பர் கப் நசுங்கும். பிடித்தபிறகும் கவனத்தை விட்டுவிட முடியாது. தசை கொஞ்சம் தளர்ந்தால் அது திறப்பதற்கான உத்தரவு என்று கை நினைத்துக்கொள்ளும். சொந்தக் கை இருந்தபோது டீ குடித்தேன். இப்போது டம்ளர் பிடித்தேன், டீ என்பது அதற்கு நடுவில் வாய்க்குள் போய்விடுகிற ஒன்றாக இருந்தது. மதியத்துக்குள் தலை கனத்துவிடும்.

இதைப் பேராசிரியரிடம் சொன்னபோது அவர் சந்தோஷப்பட்டார். மூளைக்கு எவ்வளவு சிரமம் என்பதைத்தான் அளக்கப்போகிறோம் மேடம், அதற்குக் கருவி வந்துவிட்டது என்றார்.

அளக்கப் போன அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போய்விட்டேன். வைக்கக்கூடாது என்று முன்கூட்டிச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. விடுதிக் குளியலறையில் ஷாம்பூ பாக்கெட்டைக் கொடுத்துத் தலை குளிக்க வைத்தார்கள். ஆராய்ச்சி மாணவி ஒருத்தி ஒற்றைக் கைக்காரியான எனக்குக் கூச்சப்படாமல் தலை துவட்டிவிட்டாள். அந்தக் கட்டடத்திலேயே அவளுக்கு மட்டும்தான் நான் மனுஷி என்ற நினைப்பு இருந்தது. பிறகு வயர்கள் தொங்கும் ஒரு குல்லாயை மாட்டி, ஒவ்வொரு ஓட்டையிலும் கஞ்சிபோல் ஒரு பசையை வைத்தார்கள்.

சோதனை இதுதான். ஒரு பெட்டியில் மரக்கட்டைகள் கிடக்கும். செயற்கைக் கையால் ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்துப் பெட்டியில் போட வேண்டும். அதே நேரத்தில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்து உரக்கச் சொல்ல வேண்டும். கை மூளையைத் தின்றால் கழித்தல் தடுமாறும். கழித்தல் தடுமாறவில்லை என்றால் கை லேசாக இருக்கிறது என்று அர்த்தம். யோசனை மோசமில்லை. ஆனால் யாரை உட்கார வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் அவர்கள் யோசிக்கவில்லை.

முதல் உறுப்பு நூறு, பொது வித்தியாசம் மைனஸ் ஏழு, பதினைந்தாவது உறுப்பு இரண்டு. கூட்டுத் தொடர்வரிசைப் பாடத்தில் வருடா வருடம் நான் கரும்பலகையில் போடுகிற கணக்கு அது. தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று என் வாய் தானாக ஓடியது. அதற்கு மூளை தேவையே இல்லை. மூளை முழுவதும் மரக்கட்டையில் இருந்தது. முடிந்தபோது கழுத்தில் வியர்வை வழிந்தது. ஒரு தப்புகூட விடவில்லை.

பேராசிரியர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுக் கை தட்டினார். சொந்தக் கை மாதிரியே ஆகிவிட்டது மேடம் என்றார்.

“சார், அது எனக்கு மனப்பாடம். வேற எதாச்சும் குடுங்க” என்றேன்.

“ஒங்களுக்கு அடக்கம் ஜாஸ்தி மேடம்” என்றார்.

என் வாழ்நாளில் அடக்கம் என்று என்னை யாரும் சொன்னதில்லை. அதற்காகவாவது அவர் பேச்சை நம்பாமல் இருந்திருக்க வேண்டும். கடைசியாக ஒரு தாள் கொடுத்தார்கள். எவ்வளவு சிரமமாக இருந்தது என்று ஒரு கோட்டில் புள்ளி வைக்க வேண்டும். நான் கோட்டின் கடைசியில் வைத்தேன். அது கம்ப்யூட்டரில் வந்ததோடு ஒத்துப்போகவில்லை என்று சொல்லி, இன்னொரு தடவை யோசித்து வைக்கிறீர்களா என்று கேட்டார். பரீட்சையில் விடையைப் பார்த்துவிட்டு வழிமுறையைத் திருத்தும் பையன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் போடும் மார்க்கைத்தான் மனதில் அவருக்கும் போட்டுவிட்டு, புள்ளியை நகர்த்தாமல் வந்துவிட்டேன்.

எனக்குப் பிள்ளை என்று இருப்பது ஒரே மகள்தான். திருச்சியில் விடுதியில் தங்கிக் கணிதம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். பாடத்தைத் தேர்ந்தெடுத்தது நான். அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்க அவள் என்ன பெரிய மனுஷியா, பதினேழு வயதுப் பிள்ளைதானே என்று இருந்துவிட்டேன். சனி, ஞாயிறு வீட்டுக்கு வருவாள். சாயங்காலம் காபி போட்டு, செயற்கைக் கையில் டம்ளரைப் பிடித்துப் பழகச் சொல்வாள். பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். என்ன பொறுப்பான பிள்ளை என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு சனிக்கிழமை முடியைத் தோள்வரைக்கும் வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி. யாரைக் கேட்டு வெட்டினாய் என்று சத்தம் போட்டேன். ஒன்னயத்தாம்மா கேட்டேன், சரின்னு சொன்ன என்றாள். கண்ணைப் பார்த்துப் பொய் சொல்கிறாள் என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அன்றைக்கு நான் பேசிய பேச்சை இங்கே எழுத மாட்டேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை அவளுடைய கல்லூரி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்விட்ட பெண்ணின் விடுதிப் பெட்டி இன்னும் இங்கேயே இருக்கிறது, எப்போது எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார்கள். வேறு பெண்ணாக இருக்கும் என்று நான் அவர்களோடு வாதாடினேன். அவர்கள் அப்பாவின் கையெழுத்து இருக்கிறது என்றார்கள். துபாய்க்குப் போன் போட்டேன். நீ சம்மதம் சொல்லிவிட்டதாகச் சொன்னாள், அதனால்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன் என்றார் அவர். கட்டிய பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்க அந்த மனுஷருக்குத் தோன்றவில்லை.

மகள் மதுரையில் இருந்தாள். கண் பரிசோதனை செய்யக் கற்றுக்கொடுக்கும் ஒரு டிப்ளமோவில் சேர்ந்துவிட்டாள். கிளம்பிப் போனேன். கையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனேன், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க அது உதவாது. ஒரு டீக்கடையின் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்தோம். என்னைக் கேட்காமல் எப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

“கேட்டேம்மா. தீபாவளிக்கு முந்துன வாரம், நீ காபி குடிச்சிக்கிட்டு இருக்கப்ப. எனக்கு மேத்ஸ் வேணாம்மா, மதுரையில போயி கண்ணுக்குப் படிக்கிறேன்னேன். சரிம்மான்ன.”

“நான் அப்புடிச் சொல்லவே மாட்டேன்.”

“கையில டம்ளர் இருந்தா சொல்லுவம்மா.”

பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் தற்செயலாகத்தான் கவனித்தாளாம். அந்தக் கையில் எதையாவது பிடித்துக்கொண்டிருக்கும்போது அவள் எது கேட்டாலும் நான் சரி என்று சொல்கிறேனோ என்று சந்தேகம் வந்திருக்கிறது. சோதித்துப் பார்த்திருக்கிறாள். நாளைக்கு நான் நிலாவுக்குப் போகிறேன் என்று ஒரு தடவை சொன்னாளாம். சரி, பாத்துப் போயிட்டு வா என்றேனாம். அடுத்த வாரம் கை கழற்றி இருந்தபோது அதே வார்த்தையைச் சொல்லிப் பார்த்தாள். படிக்கிற வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தேன். பிறகு டம்ளருக்குப் பதிலாக மேஜைமேல் கையைச் சும்மா வைத்திருக்கும்போது கேட்டாள். அப்போதும் திட்டினேன். ஆகவே கை மாட்டியிருப்பதால் அல்ல, கை பிடித்திருப்பதால்தான் என்று முடிவுக்கு வந்தாள். முடி வெட்டியது நாலாவது சோதனை.

என்னிடம் பத்தொன்பது வருடம் வளர்ந்த பெண் என்னை ஏமாற்றியிருக்கிறாள். அதைவிட எனக்கு உறைத்தது வேறு. ஒரு காரணியை மாற்றி மற்றதை மாற்றாமல் வைத்து, திரும்பத் திரும்பப் பார்த்து, இவள் அளந்திருக்கிறாள். குல்லாயும் பசையும் வயரும் வைத்துக்கொண்டு அந்தக் கல்லூரியில் அத்தனை பேரும் அளக்க முடியாததை, ஒரு காபி டம்ளரை வைத்துக்கொண்டு அளந்திருக்கிறாள். கணக்கு வேண்டாம் என்று ஓடுகிற பெண்.

“நேரா சொல்லியிருக்கலாம்ல” என்று கேட்டேன்.

“சொன்னா கேப்பியாம்மா?” என்றாள். கோபமே இல்லாமல் கேட்டாள்.

கேட்டிருக்க மாட்டேன். இரண்டு கையும் இருந்த காலத்திலும் கேட்டதில்லை. அவளைத் திருச்சிக்குத் திரும்ப அழைத்துப்போகும் எண்ணத்தோடு வந்தவள், டீக்குக் காசு கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் தனியாக ஊருக்கு வந்தேன். வழியெல்லாம் என்மேலேயே ஒரு அருவருப்பு இருந்தது.

அடுத்த மாதம் கல்லூரியில் இரண்டாவது கட்டச் சோதனைக்கு வரச் சொன்னார்கள். இந்தத் தடவை எண்ணெய் வைக்கவில்லை, ஆனால் ஒரு நிபந்தனை வைத்தேன். ஏழு ஏழாகக் கழிக்க மாட்டேன். நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன், கூடவே ஒருவர் என்னிடம் பேசட்டும், முடிந்ததும் என்ன பேசினார் என்று கேளுங்கள் என்றேன். மகள் செய்ததையும் சொன்னேன். பேராசிரியர் சிரித்துக்கொண்டே கேட்டார். சுவாரசியமாக இருக்கிறது மேடம், ஆனால் இது வீட்டுக் கதை, திட்டத்தில் இல்லாததைச் செய்ய முடியாது என்றார். அவருடைய திட்டம் எனக்குத் தெரியும். கை லேசாக இருக்கிறது என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, மீதிப் பக்கங்களை நிரப்ப ஆள் தேடுவது. அப்படியானால் நான் கிளம்புகிறேன் என்று எழுந்தேன். கை மாட்டிக்கொள்ள அப்போதைக்கு அவருக்கு வேறு ஆள் இல்லை. ஒரு தடவை மட்டும் என்று ஒத்துக்கொண்டார்.

அன்றைக்குத் தலை துவட்டிவிட்ட ஆராய்ச்சி மாணவியைப் பேசச் சொன்னார்கள். எதைப் பேசுவது என்று அவள் கேட்டாள். மனதில் எது இருக்கிறதோ அதைப் பேசு என்றேன். டம்ளரில் முக்கால்வாசி தண்ணீர். அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை போய்த் திரும்ப வேண்டும். அவள் பக்கத்தில் நடந்துகொண்டே பேசினாள். அவள் குரல் கேட்டது, வார்த்தைகள் கேட்டன, நடுவில் நான் தலையாட்டினேன். தண்ணீர் ஒரு சொட்டு சிந்தவில்லை. டம்ளரை மேஜையில் வைத்தேன்.

அவள் என்ன சொன்னாள் என்று பேராசிரியர் கேட்டார். ஊரைப் பற்றி ஏதோ சொன்னாள் என்றேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. தோண்டித் தோண்டிப் பார்த்தேன். அம்மா என்ற சொல் வந்ததா, ஐஸ் என்ற சொல் வந்ததா என்றுகூடச் சரியாகத் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது.

“இன்னொரு தடவ சொல்லும்மா” என்றேன்.

“எங்கப்பா மீன் பிடிக்கப் போன போட்ட, எல்லை தாண்டிச்சுன்னு பிடிச்சிட்டாங்க டீச்சர். முப்பத்தாறு நாளாச்சு. அங்கிட்டு ஜெயில்ல வச்சிருக்காங்க. அம்மா ஐஸ் பிளாண்ட் வாசல்லயே போயி ஒக்காந்திருக்கு, யாராச்சும் சேதி கொண்டு வருவாங்கன்னு. இதத்தான் சொன்னேன். நீங்க சரி, சரின்னீங்க.”

அவள் ஜெகதாப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். முப்பத்தாறு நாளாக அதே அறைக்கு வந்து, வயர் மாட்டி, பசை தடவி வேலை பார்த்திருக்கிறாள். அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்காவது கையில் டம்ளர் இருந்தது. இரண்டு கையும் நன்றாக இருக்கிற பேராசிரியர் அவள் சொல்லி முடித்ததும் ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருந்ததா என்று இன்னொரு மாணவனிடம் கேட்டார்.

நான் கையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு அவளை வெளியே வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனேன். அவள் முழுவதையும் முதலிலிருந்து சொன்னாள். கேட்டேன். எந்த அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள், யார் என்ன பதில் சொன்னார்கள், தம்பி படிப்பு என்ன ஆயிற்று என்று எல்லாவற்றையும் கேட்டேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது, சொல்லவில்லை. முன்பு என் சின்ன மாமனார் கலெக்டர் ஆபீசில் இருந்தார், அவரிடம் பேசிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். பேசினேன். அவரால் பைசா பிரயோஜனம் இல்லை என்பது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அவளுடைய அப்பா மேலும் சில வாரங்கள் கழித்து வந்து சேர்ந்தார். படகு வரவில்லை.

பேராசிரியரின் கட்டுரை வெளியானது. அதில் என் படம் இருக்கிறது, கண்களுக்கு மேல் கறுப்புப் பட்டை போட்டு. கை இயல்பாகப் பழகிவிட்டது என்றும் மூளைக்குச் சுமை குறைவு என்றும் எழுதியிருக்கிறது. கழித்தல் கணக்கு எனக்கு மனப்பாடம் என்பது எங்கேயும் இல்லை. டம்ளர் சோதனையும் இல்லை. அந்தப் பெண் மட்டும் தன் ஆராய்ச்சிப் புத்தகத்தில் அதற்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறாள். அவளுக்கு வழிகாட்டியான பேராசிரியர் அதை எடுக்கச் சொன்னாராம். அவள் எடுக்கவில்லை. வேறு நாலு பேரை வைத்து, பேச்சுக் கொடுத்து, முறையாக அளந்து சேர்த்துவிட்டாள். என் மகளிடம் போனில் பேசி யோசனை கேட்டாளாம். இரண்டு பேரும் இப்போது சிநேகிதிகள். என்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று நான் விசாரிப்பதில்லை.

மகள் படிப்பை முடித்து அறந்தாங்கியில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். போன மாதம் எனக்குப் பவர் பார்த்தாள். எழுத்துகளை வாசிக்கச் சொல்லி, இது தெளிவாக இருக்கிறதா, அது தெளிவாக இருக்கிறதா என்று பொறுமையாக மாற்றி மாற்றிக் கேட்டாள். நான் சொன்ன பதிலை நம்பி எழுதிக்கொண்டாள். கல்லூரியில் ஒருவரும் செய்யாத வேலை.

அந்தக் கையை நான் தூக்கிப்போடவில்லை. தனியாக இருக்கும்போது மாட்டிக்கொள்கிறேன். மாவுச் சட்டியைப் பிடிக்கும், கத்தரிக்காயை அழுத்திப் பிடிக்கும், குடையைப் பிடிக்கும். யாராவது பேச வந்தால் கழற்றிவிடுவேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இது பழகிவிட்டது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், கழட்டிட்டு வாங்க டீச்சர் என்று வாசலில் நின்றே சொல்கிறார்கள்.

போன வாரம் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தார். சோபாவில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். ஏதோ சொல்லப்போகிறார் என்று மரியாதையாகக் கையைத் திருகிக் கழற்றி அவருக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. காபிகூட வேண்டாம் என்று பத்திரிகையை டீப்பாயில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பத்திரிகையைப் படித்துப் பார்த்தேன். அவர் வாயால் சொல்ல அதில் மிச்சம் ஒன்றும் இல்லை.